வாயில் வராத அந்த ஒரு வரி

கேள்வி: எட்டு வருடமாக ஒரு வீட்டு ஜெபக்குழுவை நடத்தி வருகிறேன். வேதவாசிப்பில் தொடங்குவோம், கால் மணி நேரத்தில் பேச்சு அரசியலுக்குப் போய்விடும். எந்தத் தலைவரைக் கர்த்தர் எழுப்பினார், எவர் பிசாசின் ஆள் என்றெல்லாம் வாதம். பன்னிரண்டு பேரில் நான்கு பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். தேர்தல் விஷயத்தில் வாய்த்தகராறாகி என் அண்ணனோடு ஐந்து மாதமாகப் பேச்சில்லை. முழங்காலில் நின்றாலும் அன்றைய செய்திதான் மனதில் ஓடுகிறது. கிறிஸ்தவர்கள் அரசியலையே விட்டுவிட வேண்டுமா? குழுவை எப்படிச் சரிசெய்வது?
— ஒரு வாசகி

பதில்: சகோதரி, அரசியலை விட வேண்டாம். வாக்களியுங்கள், செய்தி படியுங்கள், அநியாயம் நடந்தால் கேளுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கே எரேமியா தீர்க்கதரிசி, "அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள்" என்றுதான் கடிதம் எழுதினார் (29:7). கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. "நான் எதனால் நீதிமான்?" என்ற கேள்விக்கு எபேசியர் 2:8-9 தரும் பதில் கிருபை; "ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு" என்று காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது. அதே கேள்விக்கு உள்மனம் "நான் சரியான பக்கம் நிற்கிறேன், அதனால்" என்று பதில் சொல்லத் தொடங்கிவிட்டால், பாட்டும் ஜெபமும் மாறாமல் இருக்கும்போதே சுவிசேஷம் மாறிவிட்டது.

லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் ஆலயத்துக்குப் போன இருவரை எடுத்துக்கொள்ளுங்கள்: நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் பரிசேயன் ஒருவன், வரி வசூலிக்கும் ஆயக்காரன் ஒருவன். பரிசேயன் சொன்னதில் பொய் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. நியாயப்பிரமாணம் வருஷத்துக்கு ஒரு நாள் கேட்க, அவன் வாரத்தில் இரண்டுதரம் உபவாசித்தான். சம்பாத்தியத்திலெல்லாம் தசமபாகம் கொடுத்தான். ஸ்தோத்திரத்தில்தான் ஜெபத்தைத் தொடங்கினான். ஆனால் "இந்த ஆயக்காரனைப் போலவும் இராததனால்" என்ற ஒரு சொல்லில் அகப்பட்டுக்கொண்டான். அவன் தன்னை நல்லவனாகக் காண, பக்கத்தில் ஒரு கெட்டவன் நின்றாக வேண்டியிருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆயக்காரன் அன்றைய ஜனங்களின் கண்ணில் அரசியலிலும் தவறான பக்கத்து ஆள். அந்நிய ஆட்சிக்காகத் தன் சொந்த ஜனத்திடம் வரி பிடுங்கியவன். அவன் பக்கம் சரி என்று இயேசு சொல்லவில்லை. "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று கேட்டவன் நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனான் என்று மட்டும் சொன்னார். இந்த உவமையில் நமக்குக் கசக்க வேண்டிய இடம் இதுதான். கசக்கவில்லையென்றால், ஆயக்காரன் நின்ற இடத்தில் உங்களுக்குப் பிடிக்காத கட்சிக்காரர் ஒருவரை நிறுத்தி மறுபடியும் வாசியுங்கள்.

முதலில் உங்களைச் சோதித்துப் பாருங்கள், குழு அப்புறம். ஏழு நாள், இரவு படுக்கும் முன் ஒரு தாளில் இரண்டு விஷயம் எழுதுங்கள். ஒன்று, செய்திக்கும் வாதத்துக்கும் இன்று எத்தனை நிமிடம் போனது. இரண்டு, இன்றைய ஜெபத்தில் என்னுடைய எந்தப் பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிட்டேன். நிமிடக் கணக்கு வெறும் தகவல். இரண்டாவது இடம் ஏழு நாளும் காலியாகக் கிடந்தால் நோய் அங்கே இருக்கிறது. மற்றவர்களின் பாவத்தைப் பற்றி இருபது நிமிடம் ஜெபித்துவிட்டு நம்முடையது ஒன்றுகூட நினைவுக்கு வராமல் எழுந்திருப்பது, நாம் நினைப்பதைவிடச் சாதாரணமாக நடக்கிற காரியம். இந்தப் பயிற்சியில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. செய்தியை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் நாலு அதிகாரம் கூடுதலாக வாசித்து, "நான் இப்போதெல்லாம் செய்தியே பார்ப்பதில்லை" என்று சொல்லிக்கொண்டு திரிவார்கள். அதுவும் "வாரத்தில் இரண்டுதரம் உபவாசிக்கிறேன்" என்பதுதான். காலையில் வேதத்துக்கு முன்னால் போனைத் தொடாதிருங்கள், செய்திக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். அதற்கு மேல் சட்டம் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது கடினமானது. உங்களுக்கு அறவே பிடிக்காத தலைவருக்காகத் தினமும் பெயர் சொல்லி ஜெபியுங்கள். 1 தீமோத்தேயு 2:1-2 விண்ணப்பம், ஜெபம், வேண்டுதல், ஸ்தோத்திரம் என்று நான்கையும் அடுக்கி, ராஜாக்களுக்காகவும் அப்படியே செய்யச் சொல்கிறது. ஸ்தோத்திரமும் பட்டியலில் இருப்பதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். அந்த நிருபம் பவுலின் காலத்தது என்று கொண்டால், சிங்காசனத்தில் இருந்தவன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய ரோமப் பேரரசன் நீரோ. "அவர் கண்களைத் திறந்தருளும்" என்று தொடங்காதீர்கள். பெரும்பாலும் அது கைகூப்பிய வாதம்தான். அவரிடம் நன்றி சொல்லத்தக்க ஒரு காரியத்தில் தொடங்கி, சரீர சுகம், குடும்பம், நாளை எடுக்கவேண்டிய முடிவில் ஞானம், கடைசியில் நீதி என்று போங்கள். உங்களுக்குப் பிடித்த தலைவருக்கு வரிசையைத் திருப்புங்கள்: அவருடைய ஒரு தவறைக் குறிப்பிட்டு மனந்திரும்புதலுக்காக முதலில் ஜெபியுங்கள். அந்தத் தவறு எது என்று யோசித்தும் அகப்படவில்லையென்றால், நீங்கள் அவரை ஆதரிப்பதோடு நிற்கவில்லை, நமஸ்கரிக்கவும் தொடங்கிவிட்டீர்கள். முதல் சில நாள் வார்த்தைகள் பொய்போல இருக்கும். கோபம் வந்தால் அதையும் தேவனிடமே கொட்டுங்கள். 109-ஆம் சங்கீதம் அப்படிப்பட்டதுதான். மூன்று வாரம் விடாமல் செய்யுங்கள்.

இனி குழு. பேச்சு நழுவுவது ஏதோ ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான். அநேகமாக அது வாசிப்பு முடிந்ததும் நடத்துகிறவர் கேட்கிற "இந்த வசனம் இன்றைய சூழ்நிலைக்கு என்ன சொல்கிறது?" என்ற கேள்வி. கதவைத் திறந்து விடுவதே அதுதான். அதை எடுத்துவிட்டு, "இந்தப் பகுதியில் தேவன் என்ன செய்கிறார்?", "இங்கே நமக்கு, வெளியே இருப்பவர்களுக்கல்ல, என்ன கண்டிப்பு இருக்கிறது?" என்று கேளுங்கள். வாராவாரம் வசனம் தேர்ந்தெடுப்பதையும் நிறுத்துங்கள். அந்த வாரச் செய்திக்குப் பொருந்துகிற வசனம்தான் கைக்கு வரும். ஒரு நிருபத்தைத் தொடர்ச்சியாக வாசியுங்கள். கலாத்தியர் ஆறு அதிகாரம், ஆறு வாரம் போதும். இரண்டாம் அதிகாரத்தில் பேதுரு, யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தன் யூத ஆட்கள் வந்ததும் எழுந்து விலகிப்போகிறார். அதைப் பவுல் பந்தி மரியாதைக் குறைவாகப் பார்க்கவில்லை. "சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்றபடி" நடக்கவில்லை என்று முகமுகமாய் எதிர்த்தார். நான்கு பேர் எழுந்து போன ஒரு குழு அந்த இடத்தில் ஒரு மாலை முழுவதும் நின்றாலும் தகும்.

கூட்டம் ஒன்றரை மணி நேரம் என்றால் பாட்டுக்குப் பதினைந்து நிமிடம், வாசிப்புக்கும் பேச்சுக்கும் முப்பது, மௌனமான பாவ அறிக்கைக்குப் பத்து, மீதி ஜெபத்துக்கு. அந்தப் பத்து நிமிட மௌனத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆரம்பத்தில் அசௌகரியமாக இருக்கும். யாராவது ஒருவர் பாட்டைத் தொடங்கி மூடப் பார்ப்பார், அன்பாகத் தடுத்துவிடுங்கள். செய்தி இன்னொரு வாசல் வழியாகவும் நுழையும்: ஜெபக்குறிப்பு. அதற்கு ஒரே விதி போதும். இந்த வாரம் நாம் போய்ப் பார்க்கக்கூடிய, அல்லது போன் செய்யக்கூடிய ஒரு மனிதர் அந்தக் குறிப்பில் இருக்க வேண்டும். நாட்டுக்கும் ஆளுகிறவர்களுக்கும் தனியாக ஐந்து நிமிடம். தீமோத்தேயு வசனத்தை வாசித்துவிட்டு ஒருவர் ஜெபிக்கட்டும்.

அப்படியும் யாராவது ஆரம்பித்தால் வாயை அடைக்காதீர்கள். "இதை ஜெபமாக்கிவிடுவோம், நீங்களே நடத்துங்கள்" என்று சொல்லுங்கள். ஒரே நாவால் தேவனைத் துதித்துக்கொண்டே, அவருடைய சாயலாக உண்டாக்கப்பட்டவனைச் சபிப்பது யாக்கோபு சொன்னதுபோல் தகாதது மட்டுமல்ல (3:9-10), நாலு பேர் கேட்கும்போது கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கும். இந்த வழி எப்போதும் பலிக்காது. சிலர் கண்ணை மூடிக்கொண்டு கர்த்தருக்கே தலைப்புச் செய்தி வாசிப்பார்கள். அவரிடம் மத்தேயு 18:15-ன்படி தனித்திருக்கையில் பேசுங்கள். அத்தனை பேர் முன்னால் வேண்டாம். குழுவின் வாட்ஸ்அப்பில் சரிபார்க்காத செய்தியைப் பகிர்வது பொய்ச்சாட்சி (யாத்திராகமம் 20:16). பகிர்ந்தது தவறு என்று தெரிந்தால், பகிர்ந்த அதே குழுவில் "நான் அனுப்பியது தவறு" என்று எழுத வேண்டும்; சத்தமில்லாமல் அழிப்பது கணக்கில் வராது. நடத்துகிறவர் என்ற முறையில் அதை முதலில் நீங்கள் ஒருமுறை செய்தால் மற்றவர்களுக்கு எளிதாகிவிடும்.

"கிருபை, கிருபை என்று பேசி அநியாயத்தைக் கண்டும் காணாமல் போகலாமா?" என்று குழுவில் ஒருவர் நிச்சயம் கேட்பார். கேட்கட்டும், நியாயமான கேள்வி. 1934 மே மாதக் கடைசியில் ஜெர்மனியின் பார்மெனில், ஹிட்லரின் கொள்கைக்கு வளைந்துகொடுத்த 'ஜெர்மானியக் கிறிஸ்தவர்கள்' இயக்கத்துக்கு எதிராகச் சபையார் கூடி ஆறு கூற்றுகள் கொண்ட ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். முதல் கூற்று, இயேசு கிறிஸ்துவே நாம் கேட்டுக் கீழ்ப்படிய வேண்டிய தேவனுடைய ஒரே வார்த்தை என்கிறது. ஆறாவது, தேவனுடைய இலவசமான கிருபையை எல்லா ஜனத்துக்கும் அறிவிப்பதே சபைக்கு இடப்பட்ட பணி என்கிறது. கிருபையை மையத்தில் வைத்தவர்கள் அதனாலேயே சர்வாதிகாரத்தின் உரிமைகோரலை மறுத்தார்கள். அதே அறிக்கை யூதர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதை வரைந்ததில் முதன்மையானவரான இறையியலாளர் கார்ல் பார்த், பின்னாளில் அந்த மௌனத்தைத் தன் குற்றமாகவே ஒப்புக்கொண்டார். இரண்டையும் சேர்த்தே குழுவில் சொல்லுங்கள்.

தன் பக்கத்து ஆளிடமே உண்மை பேச முடிகிறதா என்பது நல்ல அளவுகோல். தியோடோசியுஸ் பேரரசர் 380-ல் நிசேயா சங்கம் வகுத்த கிறிஸ்தவ விசுவாசத்தை ரோம அரசின் மதமாக்கியவர். சபைக்கு அவரைவிட 'நம்ம ஆள்' கிடையாது. 390-ல் தெசலோனிக்கேயில் அவர் ஆணையால் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டபோது, மிலான் பேராயர் அம்புரோஸ் அவர் வெளிப்படையாக மனந்திரும்பும்வரை திருவிருந்து கொடுக்க மறுத்தார்.

அன்றாட வாதங்களுக்கு மூன்று வாக்கியங்களைப் பிரித்துப் பேசப் பழகுங்கள்: "வேதம் இதைக் கட்டளையிடுகிறது", "வேதத்திலிருந்து நான் இப்படி முடிவுக்கு வருகிறேன்", "எனக்கு இது பிடிக்கும்". கூலியைப் பிடித்துவைப்பது பாவம் என்பது முதல் வகை (யாக்கோபு 5:4). அதைத் தடுக்க எந்தச் சட்டம் நல்லது என்பது இரண்டாவது. விசுவாசிகள் அதில் மாறுபடலாம். எந்தத் தலைவர் என்பது பெரும்பாலும் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். முதல் வகைக்கு மட்டுமே "கர்த்தர் சொல்லுகிறார்" என்று முத்திரை போடலாம். உங்கள் குழுவில் நடந்த சண்டைகளை இப்படிப் பிரித்துப் பாருங்கள், முதல் வகையில் எத்தனை தேறுகிறது என்று.

இயேசுவின் பன்னிருவரில் வரிவசூல் செய்த மத்தேயுவும் இருந்தார், செலோத்தே என்னப்பட்ட சீமோனும் இருந்தார். 'செலோத்தே' என்றால் வைராக்கியமுள்ளவர். ரோமருக்கு எதிரான கட்சியாக அந்தப் பெயர் திரண்டது பிற்பாடுதான் என்பாரும் உண்டு. எப்படியானாலும், அந்த இருவரும் எந்த விஷயத்தில் ஒத்துப்போனார்கள் என்று சுவிசேஷங்கள் எங்கும் எழுதிவைக்கவில்லை. ஒரே பந்தியில் இருந்தார்கள் என்று மட்டும் தெரிகிறது. விலகிப்போன நால்வரையும் தனித்தனியாகப் போய்ப் பாருங்கள். திரும்ப வரச் சொல்லி அழைக்க வேண்டாம். "எந்தப் பேச்சு உங்களைப் புண்படுத்தியது?" என்று கேட்டு, விளக்கம் சொல்லாமல் கேட்டுவிட்டு வாருங்கள்.

அண்ணனுக்கு நீங்கள் முதலில் எழுதலாம், இன்றைக்கே. "அண்ணா, அன்று நான் பேசிய விதம் தப்பு. மன்னித்துவிடு. உன்னைப் பார்க்க வரட்டுமா?" இவ்வளவுதான். "நீயும் அப்படிப் பேசினாய், ஆனாலும்" என்று ஒரு வரி விரலில் வந்து நிற்கும். அதை எழுதாதீர்கள். தேர்தலைப் பற்றி அவர் மறுபடி ஆரம்பித்தால், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேளுங்கள்.