தக்காளிக்கு முட்டு: வாங்குவதா, செய்வதா?

கேள்வி: அஸ்தம்பட்டியில் மொட்டை மாடியில் 15 அங்குல குரோ பேக்கில் தக்காளி வைத்திருக்கிறேன். 'கனமான கம்பி' என்று போட்டிருந்ததை நம்பி ஆன்லைனில் நாலு கூண்டு வாங்கினேன். காய் பிடித்ததும் ஆடிக் காற்றில் கூண்டு, செடி, பை எல்லாம் சேர்ந்து சாய்ந்துவிட்டன. பணம் திரும்பக் கிடைக்குமா? வீட்டிலேயே செய்தால் நிற்குமா?

பதில்: விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது, மின்வணிகத்துக்கான 2020 நுகர்வோர் விதிகளில் இது இருக்கிறது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழையுங்கள். ஆனால் 'கனமான' என்ற ஒரு சொல்லை வைத்து வாதாடுவது கஷ்டம். எத்தனை மி.மீ. என்று போட்டிருந்தால்தான் உங்கள் பக்கம் வலு. இனிமேல் அந்த எண் இல்லாத கூண்டை வாங்காதீர்கள். கேஜ் கணக்கில் எண் கூடக்கூடக் கம்பி மெலியும்: 8 கேஜ் 4 மி.மீ., 12 கேஜ் 2.6 மி.மீ.தான்.

கம்பி தடிமனாக இருந்திருந்தாலும் உங்கள் கூண்டு சாய்ந்திருக்கும். பையில் இருப்பது ஓரடி ஆழத்துக்குத் தேங்காய் நார்த்தூள் கலந்த பொலபொல மண். அதில் அரையடி செருகிய கால், மேலே காய்ப் பாரத்தையும் காற்றையும் எப்படித் தாங்கும்? மண்ணை நம்பாத கூண்டு வேண்டும். அதாவது, பையையே சுற்றித் தரையில் நிற்கும் கூண்டு.

5 அடி அகல வெல்ட் மெஷ்ஷில் (கம்பிகளைக் கட்டம் கட்டமாகப் பற்றவைத்த வலை) ஒரு கூண்டுக்கு ஐந்தேகால் அடி நீளம் வெட்டச் சொல்லுங்கள். கட்டம் 4 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 2 அங்குலக் கட்டத்தில் பழத்தைப் பிடித்த கை வெளியே வராது. 4 அங்குலத்திலும் இடையிடையே ஒரு கம்பியை வெட்டி ஜன்னல் விடுங்கள். வளைத்து, இரு ஓரமும் ஒரு கட்டம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஐந்து இடத்தில் கட்டுக்கம்பியால் முறுக்கினால் 19 அங்குலக் குறுக்களவு வரும். பை உள்ளே தாராளமாக உட்காரும். அடியில் குறுக்குக் கம்பி முழுசாக இருக்கட்டும். நீட்டிய முனைகள் மாடியின் கூலிங் பெயின்ட்டைக் கீறி, அங்கே தண்ணீர் இறங்கும்.

நாலு கூண்டையும் ஒட்டி வரிசையாக வைத்து, மேலே 8 மி.மீ. முறுக்குக் கம்பியில் 8 அடித் துண்டு ஒன்றைப் படுக்கப் போட்டுக் கட்டி, ஒரு நுனியைக் கைப்பிடிச் சுவரில் அடித்த கொக்கியோடு பிணையுங்கள். மறக்கக் கூடாத வேலை இதுதான். அந்தத் துண்டு சுமார் 960 கிராம் இருக்க வேண்டும். நன்றாகக் குறைந்தால் மெலிந்த கம்பி, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பி.கே.எம்.1 போன்ற குட்டை ரகத்துக்கு இந்த 5 அடி உயரம் போதும். செர்ரி தக்காளி கொடியாக ஓடும். மேல்கம்பியிலிருந்து கயிறு தொங்கவிட்டுக் கொடியைக் கீழே திருப்பிவிட வேண்டும்.

கேள்வி: ஏற்காட்டில் வீட்டுத் தோட்டத்துத் தக்காளிக்கு முட்டாக மூங்கில் கழி நட்டால் ஒரே மழையில் அடி அழுகிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: அழுகுவது மண்மட்டத்தில்தான், ஈரமும் காற்றும் சேரும் இடம் அது. இளம் பச்சை மூங்கிலை வாங்காதீர்கள், அதில் மாவு அதிகம், வண்டு துளைக்கும். முற்றிக் காய்ந்ததாகப் பார்த்து, 7 அடி கழியின் அடி இரண்டரை அடிக்குத் தார் பூசி நன்றாகக் காயவிடுங்கள். மேல்நுனியைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். கணுவுக்குக் கீழே வெட்டினால் குழலில் மழைநீர் தேங்கி உள்ளேயிருந்து அழுகும், கொசுவும் முட்டையிடும். கடப்பாரையால் 2 அடிக் குழி போட்டு இறக்குங்கள். தலையில் சுத்தியால் அடித்தால் பிளந்துவிடும்.

நாற்று நடும் அன்றே கழியையும் நடுங்கள், பிறகு நட்டால் வேர் அறுபடும். தண்டைக் கட்டுக்கம்பியால் கட்டவே கூடாது. தண்டு பருக்கும்போது அறுத்துவிடும். பழைய வேட்டியைக் கிழித்து, கழிக்கும் தண்டுக்கும் நடுவே எட்டு போல் குறுக்கிட்டு, ஒரு விரல் நுழையும் இளக்கத்தில் கட்டுங்கள். மூடுபனி உள்ள ஊர் என்பதால் கீழ் ஓரடி இலைகளைக் கிள்ளிவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும், கருகல் நோய் குறையும். நோய் வந்த செடியின் கழியைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த போகத்துக்கு எடுங்கள்.