என் நோய் மாலையில்தான் வெளியே வரும்

கேள்வி: அரிய நரம்புத்தசை நோய்களைக் கண்டறிய ஏன் பல ஆண்டுகள் ஆகின்றன? அப்படி அலைந்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

உண்டு. இரண்டரை ஆண்டுகள் அலைந்தேன். மற்றவர்களுக்கு வேறு காரணங்கள் இருக்கலாம். என் விஷயத்தில் பெரும்பகுதி நேரக் கோளாறு: நோய் மாலையில் வரும், மருத்துவர்களோ என்னைக் காலையில் பார்ப்பார்கள்.

நான் ஆசிரியை. முதல் பாடவேளையில் கணீரென்று ஒலிக்கும் குரல், நான்காவதற்குள் மூக்கால் பேசுவதுபோல் ஆகிவிடும். பின்வரிசைப் பையன் ஒருவன் அதை அச்சு அசலாகப் பேசிக்காட்டுவான். (யோசித்தால், என் நோயை முதலில் கவனித்தவன் அவன்தான்.) பிறகு சாப்பாட்டின் பாதியில் தாடை ஓய்ந்துபோகத் தொடங்கியது, கையால் தாங்கிக்கொண்டு மென்றேன். குடித்த தண்ணீர் மூக்கு வழியே வந்தது. சாயங்காலமானால் எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரியும், ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிடும். தூங்கி எழுந்தால் எதுவும் இருக்காது.

தொண்டை மருத்துவர் குறை ஒன்றுமில்லை என்றார். கண் மருத்துவர் இருமுறை கண்ணாடியை மாற்றினார். முதலில் பார்த்த நரம்பியல் மருத்துவருக்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்ற சந்தேகம் வந்தது. அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். நரம்பின் ஆணையைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கும் நோய் அது. உழைக்க உழைக்கத் தசை சோரும், ஓய்வெடுத்தால் தேறும். தசையில் அந்த ஆணையை வாங்கும் புரதத்துக்கு அசிட்டைல்கோலின் ஏற்பி என்று பெயர். அதைத் தாக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்பாற்றல் உருவாக்கும் புரதம்) இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்த்தார்; இல்லை. கை நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டிப் பார்த்தார், இயல்பு. இந்நோய்க்கு வழக்கமாகத் தரும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை கொடுத்தார். வயிற்றுவலியும் தசைத் துடிப்பும்தான் மிச்சம். ஃபைலை மூடிவிட்டு மனநல மருத்துவரிடம் அனுப்பினார்.

என்னை முழுதாக நம்பிய முதல் மருத்துவர் அந்த மனநல மருத்துவர். ஒரு மணி நேரம் பேசவிட்டுக் கேட்டார். கடைசியில் சொற்கள் குழறின, தலை முன்னால் சரிந்தது. "பதற்றத்தோடு வருபவர்களைத் தினமும் பார்க்கிறேன், அம்மா. பேசப் பேச ஒருவர் குரல் இப்படித் தேய்ந்து பார்த்ததில்லை" என்றார். அதையே கடிதமாக எழுதி வேறொரு நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார்.

அவர் என்னை மாலை ஐந்து மணிக்கு வரச் சொன்னார். மதியம் தூங்கக் கூடாது என்பது நிபந்தனை. ஒன்றிலிருந்து ஐம்பதுவரை உரக்க எண்ணச் சொன்னார். இருபத்தெட்டில் மூக்கொலி வந்துவிட்டது. நரம்புத் தூண்டல் சோதனையைக் கையில் செய்யாமல் முகத்தில் செய்தார். தசை சோரச் சோர, திரையில் அலைகளின் உயரம் ஒவ்வொன்றாகக் குறைந்ததை நானே பார்த்தேன். பிறகு இன்னொரு ஆன்டிபாடிக்கு இரத்தம் எடுத்தார். அதன் பெயர் மஸ்க். முடிவு பாசிட்டிவ்.

உடலெங்கும் பரவிய மயஸ்தீனியா உள்ள 100 பேரில் ஏறக்குறைய 85 பேரிடம்தான் முதல் ஆன்டிபாடி அகப்படும். மீதிப் பேரில் சிலரிடம் உள்ள மஸ்க் ஆன்டிபாடி 2001இல்தான் அறியப்பட்டது. இந்த வகையில் கையில் செய்யும் சோதனை இயல்பாக வருவதும், பைரிடோஸ்டிக்மின் கைகொடுக்காமல் போவதும் அடிக்கடி நடப்பவை. ஆக, எனக்கு நோய் இல்லை என்பதற்குக் காட்டிய மூன்று சான்றுகளும் இந்த நோய்க்கே உரிய குணங்கள்! இத்தனைக்கும், சற்று நேரம் நன்றாகப் பேசிவிட்டு, நீண்ட பேச்சுக்குப் பின் மீனைப்போல ஊமையாகிவிடும் ஒரு பெண்ணைப் பற்றி ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672இலேயே எழுதியிருக்கிறார்.

நீங்களும் அலைந்துகொண்டிருந்தால், ஒரே பத்தியைக் காலையிலும் மாலையிலும் வாசித்து, முகம் தெரிய வீடியோ எடுங்கள். நான் அதைச் செய்யாமல், "சாயங்காலமானால் முடியவில்லை" என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்பவர்கள் அதைக் களைப்பு என்று எழுதிக்கொண்டார்கள். சோதனை முடிவு "இல்லை" என்று வந்தால், எந்த ஆன்டிபாடி இல்லை என்று கேளுங்கள். ஜெண்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி போன்ற சில மருந்துகளும், ஊசிவழி ஏற்றும் மெக்னீசியமும் இந்நோயைத் திடீரென முற்றவைக்கும் என்பதால், சந்தேகம் இருக்கும்போதே எல்லா மருத்துவர்களிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.

படுத்தால் மூச்சு வாங்கினாலோ எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் போனாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நான் ஒருமுறை விடியட்டும் என்று உட்கார்ந்தே இரவைக் கழித்தேன். செய்திருக்கக் கூடாது.