குறைமாதக் குழந்தைக்கு மூச்சுத் திணறல்: நர்ஸின் கணிப்பு எவ்வளவு சரியாக இருக்கும்?

குறைமாதக் குழந்தையின் மூச்சுப் பிரச்சினைக்கு நர்ஸ் எழுதும் கணிப்பை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பலாம், ஆனால் ஒரே அறிகுறியை வைத்து எழுதியிருந்தால் கூடாது.

‘பயனற்ற மூச்சு முறை’ (மூச்சின் வேகமோ அசைவோ சரியில்லை), ‘வாயுப் பரிமாற்றக் குறைபாடு’ (நுரையீரலில் ஆக்சிஜன் ரத்தத்தில் சேர்வதோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதோ சரியில்லை) இரண்டும் வெவ்வேறு கணிப்புகள். மூக்கு விடைப்பதோ இரண்டிலும் வரும். முன்னதை நெஞ்சு அசைவைப் பார்த்து, மூச்சை எண்ணிச் சொல்லலாம். பின்னதற்கு ஆக்சிஜன் அளவும் ரத்த வாயுப் பரிசோதனையும் வேண்டும்.

முனகலைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். சர்ஃபாக்டன்ட் (காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பொருள்) போதாமல் நுரையீரலின் காற்றுப்பைகள் சுருங்கும்போது, அவற்றைத் திறந்து வைக்கக் குழந்தை குரல்வளையைப் பாதி மூடி மூச்சுவிடுகிறது. முனகல் நின்றால் தேறிவிட்டது என்று எழுதிவிடக் கூடாது, களைத்தும் போயிருக்கலாம். மூச்சுத் திணறலின் கடுமையை அளக்க 1956இல் வந்த சில்வர்மேன் மதிப்பெண் முறை இங்கே உதவும்: ஐந்து அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2. கூட்டினால் 10 வந்தால் மிக மோசம்.

அப்புறம், மூச்சு நிற்பது. இந்தக் குழந்தைகளுக்கு 5 முதல் 10 விநாடி இடைவெளி சகஜம். 20 விநாடியைத் தொட்டாலோ, அதற்கு முன்பே இதயத் துடிப்போ ஆக்சிஜன் அளவோ குறைந்தாலோதான் அது மூச்சுநிறுத்தம். மானிட்டர் அலறியதும் திரையைப் பார்க்காமல் முதலில் குழந்தையின் நெஞ்சைப் பாருங்கள்.