பைரன் கையெழுத்தா? முதலில் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்

கேள்வி: பிரிஸ்டலில் வசிக்கிறோம். பக்கத்து வீட்டு மூதாட்டி காலமான பிறகு அவர் வீட்டுச் சாமான்களை விற்றார்கள். தோல் அட்டை போட்ட பழைய ஆல்பம் ஒன்றை 40 பவுண்டுக்கு வாங்கினேன். உள்ளே கையால் எழுதிய ஆங்கிலக் கவிதைகள், 1818 முதல் 1827 வரை தேதியோடு. ஒன்றின் அடியில் ‘பைரன், பாத், 1821’ என்று இருக்கிறது. பழம்பொருள் வியாபாரி ஒருவர் அந்தத் தாளை மட்டும் வெட்டிக் கொடுத்தால் 600 பவுண்டு தருவதாகச் சொல்கிறார். மீதி ஆல்பம் எனக்கே என்கிறார். கொடுக்கலாமா? மற்ற கவிதைகளைச் சின்னப் புத்தகமாகப் போட ஆசை. போடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்தத் தாளை ஆங்கிலக் கவிஞர் பைரன் எழுதவில்லை. ஆல்பத்தைக் கண்ணால் பார்க்காமலே இதைச் சொல்ல முடியும். பைரன் 1816 ஏப்ரல் 25 அன்று இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். பிறகு அவர் இங்கிலாந்து மண்ணை மிதிக்கவே இல்லை. 1821-ல் இத்தாலியில், ரவென்னாவிலும் பிசாவிலும் இருந்தார். 1824 ஏப்ரலில் கிரேக்கத்தில் இறந்தார். திரும்பி வந்தது உடல்தான். ஆக, 1821-ல் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் உட்கார்ந்து யாருடைய ஆல்பத்திலும் அவர் எழுதியிருக்க முடியாது.

அப்படியானால் இது மோசடியா என்றால், அதுவும் இல்லை. ஆல்பத்துக்குச் சொந்தக்காரி பாத் நகரத்தில் 1821-ல் பைரன் கவிதை ஒன்றைப் படித்திருக்கிறாள், பிடித்திருக்கிறது, நகல் எடுத்திருக்கிறாள், கீழே கவிஞர் பெயரைப் போட்டிருக்கிறாள். புத்தகம் விலை கூடிய காலம் அது. பிடித்த கவிதையை வைத்துக்கொள்ள எழுதிவைப்பதே வழி. மனைவியைப் பிரிந்தபோது பைரன் எழுதிய விடைபெறல் கவிதையை 1816-ல் நெருங்கியவர்களுக்காக 50 பிரதிதான் அச்சடித்தார்கள். ஏப்ரலில் அது பத்திரிகைக்குக் கசிந்தது. அதன் பிறகு ஆல்பம் ஆல்பமாகப் பரவியது. ஏலக் கூடங்களுக்கு இன்றும் வந்துகொண்டிருக்கும் ‘பைரன் கையெழுத்துகளில்’ பல இப்படி யாரோ ஒரு பெண்ணின் அழகான கையெழுத்துதான்.

வியாபாரிக்கு இதெல்லாம் தெரியாதா? தெரிந்திருக்கலாம். பிறகு ஏன் 600 பவுண்டு? இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். அந்தத் தாள் நகல் என்பதற்குச் சாட்சி எது? முன்பக்கமும் பின்பக்கமும் அதே கையெழுத்தில், அதே மையில் இருக்கும் மற்ற கவிதைகள். தாளை வெட்டி எடுத்துவிட்டால் சாட்சி உங்கள் வீட்டில் தங்கிவிடும், தாள் மட்டும் ஊர் சுற்றும். ‘உண்மைத்தன்மைச் சான்றிதழ்’ என்று ஒரு காகிதம் கூடவே ஒட்டிக்கொள்ளும். அந்தச் சான்றிதழை யாரும் கொடுக்கலாம், எந்தத் தகுதியும் வேண்டாம். நான் பார்த்தவற்றில் பாதி, விற்றவரே அச்சடித்தவை. ‘மீதி ஆல்பம் உங்களுக்கே’ என்று பெருந்தன்மை காட்டுகிற தரகரிடம் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை.

வெட்டுகிற பழக்கம் தரகர்களோடு மட்டும் நிற்கவில்லை. ஆங்கிலக் கவிஞர் கீட்ஸின் நண்பர் சார்ல்ஸ் கவ்டன் கிளார்க், கீட்ஸ் கைப்பட எழுதிய ஒரு நீண்ட கவிதையைத் துண்டு துண்டாக நறுக்கி நினைவுப் பொருளாக விநியோகித்தார். அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தத் துண்டுகளை ஊர் ஊராகத் தேடிப் பொருத்தியவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

கீட்ஸ் பெயரைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: நகல் என்றால் குப்பை என்று அர்த்தமில்லை. ரிச்சர்ட் உட்ஹவுஸ் போன்ற நண்பர்கள் எழுதிவைத்த நகல்கள் இல்லாவிட்டால் கீட்ஸின் சில கவிதைகளே நமக்குக் கிடைத்திருக்காது. உங்கள் ஆல்பத்தில் பைரன் பக்கத்தைவிட, கீழே வெறும் முதலெழுத்துகள் மட்டும் போட்ட கவிதைகளைப் பாருங்கள். இறந்த குழந்தைக்கு இரங்கல், விடுகதை, ஒவ்வோர் அடியின் முதலெழுத்திலும் தோழியின் பெயரை ஒளித்த வாழ்த்துப்பா இப்படி ஏதாவது இருக்கும். முதல் அடியை மேற்கோள் குறிக்குள் போட்டு இணையத்தில் தேடுங்கள். எங்குமே அகப்படாவிட்டால், அது அச்சேறாத கவிதையாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆல்பத்தின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் வாட்டர்மார்க், அதாவது தாளுக்குள்ளேயே பதிந்த ஆலை அடையாளம், தெரியும். 1794-க்குப் பிறகு வரிச் சலுகைக்காக ஆலைகள் அதில் ஆண்டையும் சேர்த்தன. ‘1819’ என்று இருந்தால் அதற்கு முன் எழுதியதில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். பழைய தாளில் புதிதாக எழுத எவனாலும் முடியும். பைரனின் மகன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த ‘மேஜர் பைரன்’ என்பவர் செய்தது அதைத்தான். 1852-ல் கவிஞர் ஷெல்லியின் கடிதங்கள் என்று ஒரு தொகுப்பு வந்தது. முன்னுரை எழுதியவர் கவிஞர் ராபர்ட் பிரவுனிங். கடிதங்கள் போலி என்று தெரிந்ததும் புத்தகத்தைத் திரும்பப் பெற்றார்கள். பிரவுனிங்கே ஏமாந்த இடத்தில் உங்களுக்கும் எனக்கும் வெட்கமென்ன?

இன்னொரு பொறி: பாரிஸில் கலிஞானி வெளியிட்ட பைரன் தொகுதிகளில், 1819 ஏப்ரல் 27 தேதியிட்ட வெனிஸ் கடிதம் ஒன்றை, பைரன் கையெழுத்து அப்படியே தெரியும் அச்சு நகலாகச் சேர்த்தார்கள். அசல் என்று சொல்லி அதைக் கொண்டுவருபவர்கள் இன்னும் வருகிறார்கள். பூதக்கண்ணாடியில் பாருங்கள். இறகுப் பேனா எழுத்தில் கோட்டின் முடிவில் மை தேங்கியிருக்கும். அச்சில் எல்லாம் ஒரே சீராக, தட்டையாக இருக்கும்.

இனிப் புத்தகம். பைரன் கவிதைக்குத் தடையில்லை, எப்போதோ பொதுச் சொத்து ஆகிவிட்டது. பெயர் தெரியாத அந்தப் பெண்ணின் அச்சேறாத கவிதைக்குத்தான் தடை! சிரிக்காதீர்கள். 1988-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் காப்புரிமைச் சட்டப்படி, 1989-ல் அது அமலுக்கு வந்தபோது அச்சேறாமல் கிடந்த பழைய எழுத்துகளுக்கு 2039 முடியும்வரை காப்புரிமை உண்டு. எழுதியவர் இறந்து 150 வருடம் ஆனாலும் சரி. தாள் உங்களுடையது, வரிகள் யாரென்றே தெரியாத வாரிசுகளுடையது. இதை மாற்ற 2014-ல் அரசு கருத்துக் கேட்டது, நூலகங்கள் காட்சிக் கண்ணாடிப் பெட்டிகளைக் காலியாக வைத்துப் போராடின, பிறகு எதையும் மாற்றாமல் விட்டுவிட்டார்கள்.

ஒரு விலக்கு உண்டு. அதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்வதால் நிதானமாகச் சொல்கிறேன். அந்தக் கையெழுத்துப் பிரதி பொதுமக்கள் பார்க்கும்படி ஒரு நூலகத்திலோ அருங்காட்சியகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ இருக்க வேண்டும். எழுதி 100 ஆண்டு, எழுதியவர் இறந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். காப்புரிமை யாருக்கு என்று வெளியிடுபவருக்குத் தெரியாமலும் இருக்க வேண்டும். இத்தனையும் பொருந்தினால், சட்டம் சொல்லும் முன்னறிவிப்பைக் கொடுத்துவிட்டு, வேறொரு புதிய நூலின் பகுதியாக அதை வெளியிடலாம். அதாவது, உங்கள் அலமாரியில் இருக்கும்வரை இந்த விலக்கு பொருந்தாது. அதே ஆல்பம் காப்பகத்துக்குப் போய்விட்டால், உங்கள் முன்னுரையோடும் குறிப்புகளோடும் நீங்களே புத்தகமாகப் போடலாம். இந்த விசித்திரத்தை யோசித்து எழுதியவர் யாரோ, கும்பிடத் தோன்றுகிறது.

ஆகவே ஆல்பத்தை முழுசாக உங்கள் ஊர் ஆவணக் காப்பகத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள். கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்பதைப் பிறகு பார்க்கலாம். வெள்ளைக் கையுறை வேண்டாம், அது டிவிக்காரர்கள் பழக்கம். கழுவி உலர்த்திய கை போதும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். எந்த வீட்டில், எந்தத் தேதியில், எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்பதைத் தனித்தாளில் பென்சிலால் எழுதி, ரசீதோடு சேர்த்து வையுங்கள். காப்பகத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.