பெப்பர் ஸ்ப்ரேக்கு ‘பெர்மிட் கார்டு’ வாங்க வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு பெங்களூருவில் இரவு ஷிஃப்ட் வேலை. பெப்பர் ஸ்ப்ரே வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், 3,500 ரூபாய் கொடுத்தால் ‘பெர்மிட் கார்டு’ வாங்கித் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். மின் அதிர்ச்சி கொடுக்கும் ஸ்டன் கன்னும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். வாங்கலாமா? - வாசகர், கோவை.

பதில்: பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பெப்பர் ஸ்ப்ரே வைத்திருக்க ஆயுதச் சட்டப்படி லைசென்ஸே தேவையில்லை. இல்லாத லைசென்ஸுக்குக் கார்டு எங்கிருந்து வரும்? சிங்க முத்திரை போட்டு, யாருடைய கையெழுத்தையோ வைத்து, லேமினேட் செய்து கொடுப்பார்கள். அதைப் போலீஸிடம் நீட்டினால் பதில் சொல்லப்போவது உங்கள் மகள்தான், கடைக்காரர் அல்ல. வாங்க வேண்டியது பில் மட்டும்.

ஸ்டன் கன்னும் வேண்டாம். பெட்டியில் ‘50 லட்சம் வோல்ட்’ என்று போட்டிருக்கும். மின்பொறி காற்றில் ஒரு சென்டிமீட்டர் தாண்டவே சுமார் 30,000 வோல்ட் வேண்டும். அந்தக் கணக்குப்படி பொறி ஒன்றரை மீட்டருக்கு மேல் பாய வேண்டும். பாய்வதோ இரண்டு மூன்று சென்டிமீட்டர். அதையும் எதிராளியின் உடம்பில் அழுத்திப் பிடித்தால்தான் உண்டு. அவ்வளவு நெருக்கத்தில் சிக்கிய பெண்ணின் கையிலிருந்து அதைப் பிடுங்க எத்தனை நேரம் ஆகும்?

சரி, ஸ்ப்ரேயை எப்போது அடிக்கலாம்? தாக்க வருபவர் மீது, தப்பிக்கும் அளவுக்கு மட்டும். தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது என்று 37-வது பிரிவு கட்டிப்போடுகிறது. இடத்தகராறு ஒன்றில் செக்யூரிட்டி ஊழியர் மீது ஸ்ப்ரே அடித்த தம்பதி மீதான வழக்கை ரத்து செய்ய 2024-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆபத்தான ஆயுதம் என்றே அதைச் சொன்னது. உங்கள் மகள் இருப்பதும் அதே ஊர் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: ஆட்டோக் கட்டணச் சண்டைக்கு இல்லை, வீட்டு ஓனருக்கு இல்லை, பார்க்கிங் தகராறுக்கு இல்லை. கெட்ட வார்த்தையில் திட்டினாலும் இல்லை. தாக்கியவரே திரும்பி ஓடிவிட்டால், துரத்திப்போய் அடிக்கவும் கூடாது.

இதையெல்லாம் ஒரு பக்கத்தில் அச்சடித்துக் காவல் நிலையச் சுவரில் ஒட்ட அரசுகளுக்கு என்ன சிரமமோ! ஒட்டாதவரை கார்டு விற்பவர்கள் காட்டில் மழைதான்.

லிஃப்ட், கார் போன்ற மூடிய இடத்தில் அடித்தால் அடித்தவருக்கும் சேர்த்துத்தான் எரியும். 2014 பிப்ரவரியில் மக்களவைக்குள் ஒரு எம்.பி. அடித்ததில் சக உறுப்பினர்கள் சிலர் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. வெளியிலும் காற்று எதிரே வீசினால் அதே கதை. கண்ணில் பட்டால் தேய்க்காமல் நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். எரிச்சல் அடங்க அரை மணி, முக்கால் மணி ஆகலாம். காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள், பழைய டப்பாவில் அழுத்தம் குறைந்திருக்கும். ஊருக்கு விமானத்தில் வந்தால் கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது.

அடித்ததும் நின்று பார்க்காமல் ஓடி, 112-ஐ அழைக்கச் சொல்லுங்கள். அப்புறம் புகாரையும் அவரே முதலில் கொடுத்துவிட வேண்டும். எதிராளி முந்திக்கொண்டால் கதை தலைகீழாகிவிடும். ‘இது எங்கள் லிமிட் இல்லை’ என்று ஸ்டேஷனில் இன்னமும் சொல்வார்கள். எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவு எண்ணை மகளின் போனில் எழுதி வைத்துவிடுங்கள்.