‘வென் ஹாரி மெட் சாலி’ படத்தைப் பதினாறு வயது மகளுடனும் பதினொரு வயது மகனுடனும் சேர்ந்து பார்க்கலாமா? பாலியல் காட்சிகள் அதிகமா?

மகளுடன் தாராளமாகப் பார்க்கலாம். நான் என் மகளுடன் பார்த்திருக்கிறேன்.

நோரா எஃப்ரான் எழுத, ராப் ரைனர் இயக்கி 1989இல் வந்த படம் இது. அமெரிக்காவில் இதற்கு ‘ஆர்’ சான்றிதழ்; அதாவது, பதினேழு வயது நிரம்பாதவர்கள் பெற்றோரோ பெரியவரோ உடன் வந்தால்தான் திரையரங்குக்குள் போக முடியும். அதைக் கேட்டு மிரள வேண்டாம். நிர்வாணம் கிடையாது. உடலுறவையும் திரையில் காட்டுவதில்லை. ஆனால் பேச்சு மிக வெளிப்படையானது, கெட்ட வார்த்தைகளும் உண்டு. ஆணும் பெண்ணும் வெறும் நண்பர்களாக இருக்க முடியாது, நடுவில் பாலுறவு ஆசை வந்துவிடும் என்று ஹாரி தொடக்கத்திலேயே வாதிடுகிறான். படம் முழுக்க அந்த வாதம்தான் ஓடுகிறது.

நீங்கள் தயங்குவது உணவகக் காட்சிக்காக என்று நினைக்கிறேன். நியூயார்க்கில் உள்ள கட்ஸ் உணவகத்தில் எடுக்கப்பட்டது. தன்னோடு படுக்கையில் இருந்த பெண்கள் யாரும் உச்சம் அடைந்ததாக நடித்திருக்க மாட்டார்கள் என்று ஹாரி பெருமையடிக்கிறான். சாலி அந்த மேசையிலேயே, சுற்றியிருப்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, உச்சம் அடைவதுபோல் சத்தமிட்டு நடித்துக் காட்டுகிறாள். பிறகு அமைதியாகச் சாப்பாட்டைத் தொடர்கிறாள். பக்கத்து மேசையில் இருந்துகொண்டு, அவள் சாப்பிடுவதையே தனக்கும் கேட்கும் மூதாட்டி இயக்குநரின் சொந்தத் தாய். காட்சி முழுவதும் இருவரும் உடையோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். சிரிப்புக்கு ஆளாவது பெண்ணின் உடல் அல்ல, ஆணின் வீண் கர்வம். எனக்கு இந்தக் காட்சியின்மேல் மரியாதை உண்டு. தயவுசெய்து ரிமோட்டைத் தேடாதீர்கள். அம்மாவோ அப்பாவோ பதறுவதைத்தான் பிள்ளை நினைவில் வைத்துக்கொள்ளும்.

மகளோடு பேச வேண்டிய இடம் வேறு. பழைய காதலன் வேறொருத்தியை மணக்கப் போகிறான் என்று தெரிந்து சாலி உடைந்து அழும் இரவில், ஆறுதல் சொல்ல வந்த ஹாரியும் அவளும் ஒன்றுசேர்கிறார்கள். அடுத்து நாம் பார்ப்பது இரண்டு முகங்கள்தான்: அவள் நிறைவாகப் புன்னகைக்கிறாள், அவன் கண்களை அகல விரித்து மிரண்டுபோய்ப் படுத்திருக்கிறான். காலையில் அவசரமாகக் கிளம்பிவிடுகிறான். பிறகு நண்பர்களின் திருமணத்தில் சந்திக்கும்போது, அழுத கண்களோடு அவள் கேட்டதால்தான், வேறு வழியில்லாமல் இரக்கப்பட்டுச் செய்ததுபோல் பேச, கன்னத்தில் அறை வாங்குகிறான். இருவரும் மனமொத்துச் செய்ததுதான். ஆனாலும் மறுநாள் காலை ஒருவர் மற்றவரை எப்படி நடத்தினார் என்பதில் அவ்வளவு பெரிய காயம் விழுகிறது. காதல் நகைச்சுவைப் படங்கள் பெரும்பாலும் முத்தத்தோடு முடித்துக்கொள்ளும். இந்தப் படம் அதற்குப் பிந்தைய காலையைக் காட்டுகிறது. பதினாறு வயதுப் பெண்ணுக்கு அது தெரிய வேண்டும். பையன்களுக்கு இன்னும் அவசியமாகத் தெரிய வேண்டும். மறுக்கும் பெண்ணைத் துரத்தித் துரத்திச் சம்மதிக்க வைப்பதைக் காதல் என்று காட்டும் படங்களை ‘யு’ சான்றிதழ் இருக்கிறதே என்று குடும்பத்தோடு பார்க்கிறோம். எனக்குக் கவலை தருபவை அவைதான்.

மகனுக்கு இப்போது வேண்டாம். ஒன்றரை மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாகப் பெரியவர்கள் பேசிக்கொண்டே இருப்பது பதினொரு வயதில் சலித்துவிடும். மனதில் ஒட்டிக்கொள்வது கெட்ட வார்த்தைகள் மட்டுமே. அவன் தூங்கிய பிறகு நீங்களும் மகளும் பாருங்கள்.