காது கேளாத குட்டியும் மதுரையிலிருந்து வந்த நோட்டீசும்

கேள்வி: வணக்கம் மேடம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வீட்டுக் காவலுக்கு வாங்கிய ராஜபாளையம் பெட்டை நாயை, அதன் ஒன்றேகால் வயதில், தெரிந்தவர் வீட்டு ஆண் நாயோடு சேர்த்தோம். ஏழு குட்டிகள். ஒன்றை ஆண் நாய்க்காரர் எடுத்துக்கொண்டார். மற்ற ஆறையும் 45 நாளில் குட்டி 12,000 ரூபாய்க்கு விற்றேன். மதுரைக்குப் போன குட்டிக்கு இரண்டு காதும் கேட்கவில்லையாம். இப்போது அதற்கு மூன்றரை மாதம். கொடுத்த பணத்தோடு மன உளைச்சலுக்கு ஒரு லட்சமும் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் வியாபாரி இல்லை. பணம் தர வேண்டுமா? நாய் அடுத்த மாதம் மறுபடி பருவத்துக்கு வரும். இன்னொரு ஈத்து எடுத்தால் நஷ்டத்தை ஈடுகட்டிவிடலாம் என்கிறார் மாமா. செய்யலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். செய்யாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் நோட்டீசைப் பார்ப்போம், அதற்குத்தான் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

நோட்டீசில் எத்தனை நாள் கெடு கொடுத்திருக்கிறார்களோ அதற்குள் ஒரு வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள். பதில் போடாவிட்டால் அதுவே தோல்வி ஆகாது. ஆனால் நீங்கள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுதான் பேசாமல் இருந்தீர்கள் என்று பின்னால் வாதிடுவார்கள். குட்டியை வாங்கியவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், தான் குடியிருக்கும் மதுரையிலேயே வழக்குப் போடலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை அனுமதிக்கிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் அவருக்குக் கட்டணமும் இல்லை. உங்களுக்கு எழுத்துப்பூர்வ பதில் தர 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15 நாள்.

"நான் வியாபாரி இல்லை" என்ற வாதத்தை முழுதாக நம்ப வேண்டாம். அசையும் சொத்து எதுவும் அந்தச் சட்டத்தில் 'பொருள்'தான், நாய்க்குட்டியும் அப்படியே. ஆறு குட்டிகளை விலை சொல்லி ஆறு பேருக்கு விற்றவரை, வீட்டில் கிடந்த பழைய சைக்கிளை விற்றவர் போல ஆணையம் பார்க்கும் என்று என்னால் உறுதி தர முடியாது. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி, வாங்குபவர் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது பொது விதி. அதற்கு விலக்கும் உண்டு. எதற்காக வாங்குகிறேன் என்று சொல்லி, உங்கள் அனுபவத்தை நம்பி வாங்கியிருந்தால் அது அவருக்கு உதவலாம். காவலுக்கு என்று கேட்டாரா? "குறையில்லாத குட்டி" என்று வாட்ஸ்அப்பில் எழுதினீர்களா? எழுதியிருந்தால் அது எழுத்தில் கொடுத்த உத்தரவாதம். எந்தச் செய்தியையும் அழிக்காமல் வக்கீலிடம் காட்டுங்கள்.

உங்கள் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017இல் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் வந்தன. அவற்றின்படி, விற்பதற்காகக் குட்டி எடுப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் 5,000 ரூபாய், இரண்டு வருடம் செல்லும். வீட்டு நாய்க்குப் பதிவு வேண்டாம் என்று அதில் எங்கும் சொல்லவில்லை. நாய்க்கு 18 மாதம் முடிந்திருக்க வேண்டும்; உங்களுடையதற்கு 15. சேர்ப்பதற்கு முன் மருத்துவரின் சான்று வேண்டும். எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது. நீங்கள் 45 நாளில் கொடுத்துவிட்டீர்கள். விதியை மீறினால் 100 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960இல் வைத்த தொகை அது. அதைப் பார்த்து அலட்சியமாக இருந்துவிடாதீர்கள், கூடவே சிறை என்ற வார்த்தையும் இருக்கிறது. பதில் நோட்டீசில் தேதியை மாற்றி எழுதும் எண்ணமும் வேண்டாம். தடுப்பூசி அட்டை அவர் கையில் இருக்கும்.

ஆகவே என் யோசனை சமாதானம்தான். 12,000 ரூபாயையும் பரிசோதனைக்கு ஆன செலவையும் தர முன்வாருங்கள். ஒரு லட்சத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த அளவுக்கு நஷ்டம் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். குட்டி வேண்டாம் என்றால் நீங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்பதையும் பதிலில் எழுதுங்கள். ஒத்துக்கொண்டால் இருவரும் கையெழுத்திட்டு எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி வந்த குட்டியை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். பசியிலும் தாகத்திலும் துன்பப்படும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். காது கேளாத நாய் கை சைகைக்கு நன்றாகப் பழகும். வெளியே போகும்போது சங்கிலியில் இருந்தால் போதும், அதன் ஆயுள் முழுதும் நிம்மதியாக வாழும்.

சரி, மாமாவின் யோசனைக்கு வருகிறேன். உங்கள் நாய்க்கு இப்போது 18 மாதம் தாண்டிவிட்டது, அதனால் இனித் தடை இல்லை என்று நினைக்கலாம். ஆனால் அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் சினைப்படுத்தவும் விதி அனுமதிப்பதில்லை. ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது, எட்டு வயதுக்குப் பின் கூடவே கூடாது.

அதைவிடப் பெரிய தடை அந்தக் குட்டியின் காது. ராஜபாளையத்தில் பால் வெள்ளையையும் சிவந்த மூக்கையும்தான் நம் பக்கம் எல்லோரும் தேடுகிறார்கள். தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதுக்கும் வேண்டும். அவை அங்கே இல்லாமல் போனால், பிறந்த சில வாரங்களில் கேட்கும் திறன் அழிந்துவிடும். இது பரம்பரையாக வருவது. ஒரு காது மட்டும் கேளாத நாயைக் கை தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அது சாதாரணமாகத்தான் இருக்கும், குறையை மட்டும் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும். உங்கள் நாயோ அந்த ஆண் நாயோ அப்படி இருக்கலாம். மூளை அலைகளை வைத்துக் காதைச் சோதிக்கும் முறை உண்டு. குட்டிக்கு ஐந்து வாரம் ஆனதுமே செய்யலாம். எல்லா ஊரிலும் வசதி இல்லை. திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரித்துப் பாருங்கள், எங்கே செய்யலாம் என்றாவது சொல்வார்கள்.

முதல் ஈத்தில் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடிந்தது. நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு அதே ஜோடியைச் சேர்த்து, விஷயத்தை மறைத்து விற்றால் ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் அதற்குப் பெயர் மோசடி.

கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். 72,000 ரூபாய் லாபம் என்று எண்ணியிருப்பீர்கள். பதிவுக் கட்டணம், சேர்க்கைக்கு முன் தாய்க்கும் தந்தைக்கும் பரிசோதனை, ஒவ்வொரு குட்டிக்கும் காதுப் பரிசோதனை, தடுப்பூசி, குடற்புழு மருந்து, எட்டு வாரம் வரை தீனி என்று எதுவும் அதில் இல்லை. கடைசிப் பத்துப் பதினைந்து நாளில்தான் குட்டிகள் அதிகம் தின்னும், நீங்கள் அந்த நாட்களை வாங்கியவர்கள் தலையில் கட்டிவிட்டீர்கள். பிரசவம் சிக்கலாகி அறுவை சிகிச்சை வரை போனால் ஒரு குட்டியின் விலை அதிலேயே கரையலாம். விற்காத குட்டியும் குறையோடு பிறந்த குட்டியும் உங்கள் பொறுப்பு. ஒழுங்காகக் குட்டி எடுக்கும் சிலரை எனக்குத் தெரியும். நாய் மேல் உள்ள பிரியத்தில்தான் செய்கிறார்கள், வருமானத்துக்கு வேறு தொழில் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மற்ற ஐந்து பேருக்கும், ஆண் நாய்க்காரருக்கும் விஷயத்தைச் சொல்லுங்கள். அந்தக் குட்டிகளின் காதைச் சோதிக்காமல் இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். இதனால் இன்னொரு நோட்டீஸ் வரலாம், வக்கீலாக அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அப்படியிருந்தும் சொல்லத்தான் சொல்வேன். நல்லெண்ணத்தோடு முன்வந்து சொன்னவர் என்பது ஆணையத்தின் முன்னாலும் உங்களுக்குத் துணை நிற்கும்.

அடுத்த மாதம் நாய் பருவத்துக்கு வந்ததும் மூன்று வாரமாவது கதவுக்குள் வைத்திருங்கள். அது முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கருத்தடை செய்யலாம், தேதியை உங்கள் கால்நடை மருத்துவரிடம் இப்போதே பேசி வையுங்கள்.